கல்கத்தா போட் ஏறிய போலி டாக்டர்

கொடைக்கானலுக்கு ஐ.வி. போயிருப்பீங்க. பேருதான் இண்டஸ்ட்ரியல் விசிட், மத்தபடி ஏரி, சைக்கிள், சாக்லேட் கடை. அந்த ஏரிக்கரையில் பலூன் சுடுகிற கடை ஒன்று இருக்குமே, ஞாபகம் இருக்கா? கிளாஸ்ல கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட அங்கே துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் ஒரு கண்ணை மூடி ஹீரோ ஆகிவிடுவான். பத்துக்கு ஏழு பலூன் அப்படியே நிற்கும், அது வேறு விஷயம்.

அந்த ஆசை நமக்கு எங்கே ஆரம்பித்தது? எனக்குத் தெரிந்து தீபாவளிக்கு வாங்கின ரிங் கேப் துப்பாக்கியில். சிவப்பு வளையம், அதில் எட்டு கேப். அதை ஒரு சின்ன உருளையில் மாட்டி ட்ரிக்கரை அழுத்தினால் பின்னாலிருந்து ஹேமர் எழும்பும், வளையம் ஒரு இடம் நகரும், ஹேமர் விழும், டப். சில துப்பாக்கியில் ட்ரிக்கர் மட்டும் போதாது. முதலில் கட்டை விரலால் ஹேமரைப் பின்னால் இழுக்க வேண்டும். அந்த இரண்டாவது ரகம் உங்களிடம் இருந்திருந்தால், வாழ்த்துகள். நீங்கள் சிறுவயதிலேயே ஒரு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் வைத்திருந்தவர். ட்ரிக்கருக்கு அதில் ஒரே வேலைதான்: ஹேமரை விடுவிப்பது. அதனால்தான் அந்தப் பெயர்.

நிஜ உலகில் அந்த ரகத்தை ஊர் ஊராக விற்றவர் சாமுவேல் கோல்ட். தங்கம் இல்லை, குளிரும் இல்லை, குடும்பப் பெயர். இன்றைக்கு உலகம் முழுக்க பழைய ரிவால்வர் சேகரிப்பவர்கள் முதலில் உச்சரிக்கிற பெயர் அவருடையது. அவருக்கும் நம்ம கொடைக்கானலுக்கும் ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது. அங்கிருந்தே போவோம்.

கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகள் 1845இல் எழுந்தன. சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். கட்டியவர்கள் வெள்ளைக்காரத் துரைகள் இல்லை, அமெரிக்கப் பாதிரிமார்கள். மதுரை வெயிலிலும் காய்ச்சலிலும் ஆள் ஆளாகச் செத்துக்கொண்டிருந்த அமெரிக்கன் மதுரை மிஷன்காரர்கள், உயிர் பிழைக்க மலை ஏறினார்கள். அவர்களை அனுப்பிய தாய்ச் சங்கம் பாஸ்டன் நகரில் இருந்தது. அதே சங்கம் 1830 ஆகஸ்டில் இந்தியாவுக்கு அனுப்பிய சில பாதிரிகள், பாஸ்டனிலிருந்து கல்கத்தா போகும் கோர்வோ என்ற கப்பலில் ஏறினார்கள். அந்தக் கப்பலில் கயிறு இழுக்கிற வேலைக்கு ஒரு பையனும் ஏறினான். வயது பதினாறு. ஸ்கூலை விட்டு அனுப்பப்பட்டவன். அவன்தான் சாம் கோல்ட்.

பிறந்தது 1814 ஜூலை 19, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், ஹார்ட்ஃபோர்ட். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். அப்பாவுக்குத் தொழில் நொடித்துப் பிறகு ஒருவாறு நிமிர்ந்தது. பையனைப் பதினோரு வயதில் ஒரு பண்ணையில் வேலைக்கு விட்டார்கள். அங்கே அவன் கையில் ஒரு அறிவியல் களஞ்சியம் கிடைத்தது. மின்கலம், வெடிமருந்து என்று அதில் படித்ததையெல்லாம் செய்து பார்க்காமல் விடமாட்டான். பதினான்கு வயதில், அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று, வேர் என்ற ஊர்க் குளத்தில் ஒரு தெப்பத்தை மின்கம்பி வைத்து வெடிக்கச் செய்யப்போவதாக ஊருக்கே சொல்லிவிட்டான். வெடித்தது என்னவோ வெடித்தது. தெப்பம் தப்பியது, வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தலை முதல் கால் வரை சேற்றில் நனைந்தது. அடிக்க வந்தவர்களிடமிருந்து அவனைக் காப்பாற்றியவர் எலிஷா ரூட் என்ற இளம் மெக்கானிக் என்று சொல்வார்கள். அந்தப் பெயரை ஓரமாகக் குறித்து வையுங்கள், பின்னால் வருவார்.

அடுத்த வருட ஜூலை 4க்கு ஆம்ஹெர்ஸ்ட் பள்ளியில் மறுபடி வெடிச் சேட்டை. இந்த முறை டி.சி. அப்பாவுக்குப் பொறுமை போய், கடலுக்கு அனுப்பினார்.

இப்போது கப்பல். கோல்ட் பின்னாளில் சொன்ன கதை இதுதான்: மாலுமி திருப்புகிற சுக்கான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் ஆரக்கால் ஒவ்வொன்றும் ஒரு பிடிமானத்துக்கு நேராக வந்து நிற்கிறது; நிறுத்திப் பூட்டவும் முடிகிறது. இதையே துப்பாக்கியில் செய்தால் என்ன? கிடைத்த மரத்துண்டில் கத்தியால் சீவிச் சீவி ஒரு மாதிரி செய்தான். அந்த மரச் சாமான் இன்றும் ஹார்ட்ஃபோர்டில் வாட்ஸ்வொர்த் அதீனியம் என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனால் மரத்தைச் சீவியதில் சந்தேகம் இல்லை. சக்கரத்தைப் பார்த்து ஞானம் வந்ததா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நியூட்டனுக்கு ஆப்பிள், கோல்டுக்குச் சுக்கான் என்று ரொம்ப அழகாக இருக்கிறது.

ஏன்னா, சுழலும் துப்பாக்கி அப்போதே உலகத்தில் இருந்தது. எலிஷா காலியர் என்ற அமெரிக்கர் 1818இலேயே லண்டனில் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். சிக்கிமுக்கிக் கல் தட்டி நெருப்பு வருகிற ரகம். ஒவ்வொரு முறையும் உருளையைக் கையால் திருப்ப வேண்டும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர் சிலரிடம் அது இருந்தது. பையன் இறங்கிய ஊரோ கல்கத்தா, கம்பெனி ஆட்சியின் தலைநகரம். அங்கே அவன் ஒரு காலியரைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறார்கள். அது மட்டுமா? அதற்கும் முன்னால், திரி வைத்துச் சுடுகிற காலத்திலேயே, நம் நாட்டுக் கொல்லர்கள் சுழல் அறை வைத்த துப்பாக்கிகள் செய்திருக்கிறார்கள். கோல்ட் கடைசிவரை, இதையெல்லாம் தான் பார்த்தது பிற்பாடுதான், யோசனை சொந்தம் என்றே சாதித்தார்.

நம்ம பிராஜெக்ட் வைவாவில் கேட்கிற கேள்விதான் இது: இதுல உன்னோடது எது? கோல்டிடம் அதற்கு நிஜமான பதில் இருந்தது. ஹேமரைக் கட்டை விரலால் இழுக்கும்போது அதன் அடியில் இருக்கிற ஒரு சின்ன நெம்பு, சிலிண்டரின் பின்புறப் பல்லைத் தள்ளி ஒரு அறை நகர்த்தும். முதல் வருட மெக்கானிக்ஸில் வரும் ராட்செட் அண்ட் பால், அதேதான். ஹேமர் முழுதாகப் பின்னால் வரும் கணத்தில் கீழேயிருந்து ஒரு பூட்டு எழும்பி சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து அதை அசையாமல் பிடிக்கும். இந்தப் பூட்டுதான் உயிர்நாடி. அறையும் குழலும் மயிரிழை விலகினாலும் ஈயக்குண்டு விளிம்பில் உரசிச் சிதறும். அதிகம் விலகினால் துப்பாக்கியே கையில் வெடிக்கும். திருப்புவது, நேராக நிறுத்துவது, பூட்டுவது, சுடத் தயாராவது, நான்கும் ஒரே கட்டை விரல் அசைவில். இதைத்தான் அவர் சேர்த்தார்.

ஆனால் மரத்தில் சீவினால் ஆச்சா? 1831இல் ஊர் திரும்பியதும் அப்பா காசு கொடுத்து ஒரு உள்ளூர்த் துப்பாக்கிக் கொல்லரிடம் செய்யச் சொன்னார். முதல் கைத்துப்பாக்கி வெடித்துச் சிதறியது. அப்பா கையை விரித்துவிட்டார்.

இங்கேதான் தலைப்பில் சொன்ன டாக்டர் வருகிறார். நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு, அந்தக் காலத்தில் ஒரு வேடிக்கைப் பொருள். பதினெட்டு வயசுப் பையன் தாடியை வளர்த்து, பெயரின் எழுத்தைக் கொஞ்சம் மாற்றி டாக்டர் கூல்ட் ஆனான். நியூயார்க், லண்டன், கல்கத்தா என்று மூன்று ஊரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டான். கல்கத்தாவை நேரில் பார்த்தது உண்மை, வேறு ஒரு தகுதியும் கிடையாது. ஊர் ஊராகப் போய் மேடை போட்டு, காசு வாங்கிக்கொண்டு, ஆட்களுக்கு வாயுவைக் கொடுத்துச் சிரிக்கவும் ஆடவும் வைத்தான். சுமார் மூன்று வருடம். வந்த காசு பால்டிமோரில் இருந்த ஜான் பியர்சன் என்ற கைவினைஞருக்குப் போனது. நல்ல துப்பாக்கி மாதிரிகளைச் செய்து கொடுத்தது பியர்சன்தான். உள்ளே நெம்பும் பூட்டும் ஒழுங்காக வேலை செய்ய வைத்ததும் பெரும்பாலும் அவர் கைதான். கூலி ஒழுங்காக வரவில்லை, கசந்து விலகினார். காப்புரிமையில் அவர் பெயர் கிடையாது. ரிவால்வர் சேகரிக்கிறவர்களுக்கு இன்று பியர்சன் கைபட்ட மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் கைநடுங்கும். அந்த மனிதருக்கு அப்போது வந்து சேர வேண்டிய கூலி வரவில்லை. இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் எனக்கு ரொம்ப உறுத்தியது இந்த இடம்தான்.

காப்புரிமை இங்கிலாந்தில் 1835இல் கிடைத்தது, அமெரிக்காவில் 1836 பிப்ரவரி 25இல். அதே வருடம் நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் உறவினர்களின் பணத்தில் தொழிற்சாலை. ஐந்து அறை, மடங்கி உள்ளே போகிற ட்ரிக்கர். ராணுவம் சோதித்துப் பார்த்து, ரொம்பச் சிக்கலான சாமான் என்று ஒதுக்கியது. 1837இல் அமெரிக்கப் பொருளாதாரமே படுத்தது. கோல்டோ விருந்து வைத்துச் செலவு செய்கிற ஆள். 1842இல் கம்பெனி மூடியாச்சு. இருபத்தெட்டு வயதில் திவால்.

அந்தச் சமயத்தில் இன்னொரு இடியும் விழுந்தது. அவருடைய அண்ணன் ஜான் கோல்ட், கணக்குத் தகராறில் ஒரு அச்சகக்காரரைக் கொன்று, உடலைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பப் பார்த்தார். வழக்கில் கொலை துப்பாக்கியால் நடந்ததா என்ற கேள்வி எழ, தம்பியே நீதிமன்றத்தில் தன் ரிவால்வரை வைத்துச் சுட்டுக் காட்டி விளக்கினார். கொலை கோடரியால்தான் என்று தெரிந்தது. தூக்குக்குக் குறித்த நாளில் அண்ணன் சிறையில் நெஞ்சில் கத்தியோடு இறந்து கிடந்தார். நீதிமன்றத்தில் நின்ற தம்பியின் முகத்தை நினைத்துப் பாருங்கள். கையில் தன் கண்டுபிடிப்பு, எதிரே அண்ணன்.

பிறகு கொஞ்ச வருடம் கடலடி வெடி, தண்ணீருக்கு அடியில் போகிற தந்திக் கம்பி என்று ஓட்டினார். 1844இல் பொடோமாக் ஆற்றில் ஒரு கப்பலை மின்சாரத்தால் தகர்த்தும் காட்டினார். அரசு வாங்கவில்லை. துப்பாக்கி அத்தியாயம் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் பேட்டர்சனில் செய்த பழைய துப்பாக்கிகள் சில டெக்சாஸ் போய்ச் சேர்ந்திருந்தன. அங்கே ரேஞ்சர் படைக்கும் கமாஞ்சி பழங்குடியினருக்கும் சண்டை. கமாஞ்சிகளின் கணக்கு எளிது: வெள்ளைக்காரன் ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க நேரமாகும், அதற்குள் குதிரையில் பாய்ந்து பல அம்பு விடலாம். 1844 ஜூனில் பதினைந்து ரேஞ்சர்கள் தங்களைவிடப் பல மடங்கு பெரிய கமாஞ்சிக் கூட்டத்தை எதிர்கொண்டார்கள். கையில் ஐந்து அறைக் கோல்ட். அந்தக் கணக்கு அன்றோடு செத்தது. கதைகளில் இது வீரச் செயலாக வரும். அந்த நிலம் கமாஞ்சிகளுடையது என்பது கதைக்கு வெளியே நிற்கும்.

அந்தச் சண்டையில் காயம்பட்டுப் பிழைத்த சாமுவேல் வாக்கர், மெக்சிகோப் போர் மூண்டதும் கோல்டைத் தேடிப் பிடித்தார். இன்னும் பெரிசா, ஆறு அறையா, குதிரை மேலிருந்து சுடுகிற மாதிரி வேண்டும். 1847 ஜனவரியில் ஆயிரம் துப்பாக்கிக்கு ஆர்டர். கோல்டிடம் தொழிற்சாலை இல்லை, ஆள் இல்லை, காசு இல்லை. எலி விட்னியின் மகன் நடத்திய ஆலையில் செய்து வாங்கினார். வாக்கர் மாடல் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ எடை. அதை ஒரு கையால் நீட்டிப் பிடித்துப் பாருங்கள், வேண்டாம், இரண்டு லிட்டர் தண்ணி பாட்டிலைப் பிடித்துப் பாருங்கள், போதும். மொத்தம் செய்ததே 1,100தான். அக்டோபரில் தன் ஜோடித் துப்பாக்கி கைக்கு வந்த சில நாளில் வாக்கர் போரில் இறந்தார்.

அங்கிருந்து கோல்டின் கிராஃப் மேலேதான். ஹார்ட்ஃபோர்டில் சொந்தத் தொழிற்சாலை. குளத்தங்கரையில் காப்பாற்றிய அந்த எலிஷா ரூட்டை, கேட்ட சம்பளம் கொடுத்து மேற்பார்வையாளராகக் கொண்டுவந்தார். கோல்டின் மூளை விற்பனையில் ஓடியது. இயந்திரங்களை வரிசைப்படுத்தி, ஜிக், ஃபிக்ஸ்சர், கேஜ் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஏற்பாடு செய்தது ரூட். மெக்கானிக்கல் படிக்கிறவங்க இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னாளில் வந்த எத்தனையோ தொழில்களின் இயந்திர வல்லுநர்கள் இந்த ஆலையில் பழகி வெளியே போனவர்கள்.

1851இல் லண்டன் பெரும் பொருட்காட்சியில் கடை விரித்தார். அதே நவம்பரில் லண்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் போய் ஒரு கட்டுரை வாசித்தார். தனக்கு முன்னால் யார் யார் சுழல் துப்பாக்கி செய்தார்கள் என்று பழைய ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, ஏன் அவை பிழைக்கவில்லை, தன்னுடையது ஏன் பிழைத்தது என்று விளக்கினார். அவர் கட்சி: வேலையில் ஐந்தில் நான்கு பங்கு இயந்திரம் செய்கிறது. பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை.

இதில் கொஞ்சம் அளப்பு உண்டு, அதைப் பிடிக்கிறது சேகரிப்பாளர்களின் கண். பழைய கோல்ட் ஒன்றைக் கழற்றினால் சட்டம், குழல், சிலிண்டர், ட்ரிக்கர் வளையம் என்று பல பாகங்களில் ஒரே எண் குத்தியிருக்கும். ஏன்? உலோகம் மிருதுவாக இருக்கும்போதே அரம் போட்டு ஒன்றோடொன்று பொருத்துவார்கள். பிறகு கழற்றி, வெப்பமூட்டிக் கடினப்படுத்தி, மெருகேற்றி, மறுபடி சேர்ப்பார்கள். எந்தச் சிலிண்டர் எந்தச் சட்டத்துக்குப் பொருத்தியது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் எண். முழுக்க மாற்றிப் போடக்கூடிய பாகம் என்றால் எண்ணே தேவையில்லை. அவர் விளம்பரத்தில் மறைத்ததை அவருடைய இரும்பே சொல்கிறது.

அந்த எண்தான் இன்று விலையைத் தீர்மானிக்கிறது. எல்லா எண்ணும் ஒத்துப்போனால் ஒரு விலை, ஒரே ஒரு பாகம் மாறியிருந்தால் பாதாளம். இன்னொன்று, நம்ம வீட்டில் பழைய பித்தளைச் சாமானைப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி இதைத் தேய்த்துவிடக் கூடாது. அந்தக் கால நீல மெருகு நகக்கண் அளவு மிச்சம் இருந்தாலும் அதுதான் சொத்து. பளபளவென்று புதுசாக்கினால் சேகரிப்பாளர் திரும்பிப் பார்க்காமல் போவார். 2018இல் பெட்டியோடு கூடிய ஒரு வாக்கர் மாடல் அமெரிக்க ஏலத்தில் 18 லட்சம் டாலருக்கு மேல் போனது. பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்ட கோல்ட் 2021இல் 60 லட்சம் டாலர் தொட்டது.

சேகரிப்பாளர்கள் உருகுகிற தங்கம் பதித்த கோல்டுகளும் உண்டு. அவை பிறந்த கதை அவ்வளவு பளபளப்பு இல்லை. துருக்கி சுல்தானுக்கு ஒரு தங்க ரிவால்வர் பரிசு கொடுப்பார், கூடவே ரஷ்யர்கள் வாங்கிக் குவிக்கிறார்கள் என்று காதில் போடுவார். ரஷ்ய ஜாருக்கும் அதே மாதிரி பரிசு, அதே மாதிரி சேதி. இரண்டு பேரும் வாங்கினார்கள். சுல்தானுக்குக் கொடுத்த ரகம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

லண்டனிலும் ஆலை வைத்தார், மூன்று நான்கு வருடத்தில் மூடினார். போட்டிக்கு ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் வந்திருந்தார். ட்ரிக்கரை அழுத்தினாலே ஹேமர் எழும்பி விழுகிற ரகம், நம்ம தீபாவளித் துப்பாக்கியின் முதல் ரகம். கோல்டில் ஹேமரைத் தனியாக இழுப்பதால் விசை லேசு, குறி நன்றாக வரும். ஆடம்ஸில் வேகம் அதிகம், குண்டும் பெரியது. 1857 கிளர்ச்சியின்போது இந்தியாவில் இரண்டுமே பிரிட்டிஷ் அதிகாரிகளின் இடுப்பில் இருந்தன. எது நல்லது என்று அவர்கள் பின்னால் பக்கம் பக்கமாக வாதாடினார்கள். சோதனை நடந்தது யார் உடம்பில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹார்ட்ஃபோர்ட் ஆற்றங்கரையில், வெள்ளம் வருகிற தாழ்ந்த நிலத்தை வாங்கி, சுமார் மூன்று கிலோமீட்டருக்குக் கரை எழுப்பி, 1855இல் புதிய ஆலை கட்டினார். கூரை மேல் நீல நிறத்தில் வெங்காய வடிவக் கோபுரம். கரை அரிக்காமல் இருக்க வில்லோ மரம் நட்டார்; அந்தக் குச்சியை வீணாக்காமல் நாற்காலி பின்னுகிற தொழிலும் வைத்தார். தொழிலாளிக்குப் பத்து மணி நேர வேலை, ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை, பாட்டுக் குழு, நூலகம். 1856இல் எலிசபெத் ஜார்விஸைக் கல்யாணம் செய்தார். பிறந்த குழந்தைகளில் ஒரே ஒரு மகன்தான் பெரியவனாக வளர்ந்தான்.

இத்தனை கெட்டிக்காரர் ஒரு இடத்தில் கோட்டை விட்டார். உலோகத் தோட்டா வந்துகொண்டிருந்த காலம். சிலிண்டரை முன்னும் பின்னும் ஓட்டையாகத் துளைத்து, தோட்டாவைப் பின்னாலிருந்து போடுகிற யோசனைக்கு ரோலின் வைட் 1855இல் காப்புரிமை வாங்கினார். வைட் ஒரு காலத்தில் கோல்டின் ஆலையிலேயே வேலை பார்த்தவர். உரிமை போட்டிக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸன் கைக்குப் போனது. மற்றவர்களைக் காப்புரிமை வழக்குப் போட்டு அடித்தவரின் கம்பெனி, இன்னொருவர் காப்புரிமை முடிகிற 1869 வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நெருங்கும்போது தெற்கு மாநிலங்களுக்கும் விற்றுக்கொண்டிருந்தார். பத்திரிகைகள் துரோகி என்றே எழுதின. போர் வெடித்ததும் நிறுத்திக்கொண்டு வடக்குக்கு மட்டும் விற்றார். ஆலை இரவு பகலாக ஓடியது. மூட்டுவாதம் முற்றி, 1862 ஜனவரி 10 அன்று நாற்பத்தேழு வயதில் இறந்தார். அதுவரை அவர் ஆலைகளில் நாலு லட்சத்துக்கும் மேல் துப்பாக்கிகள் செய்யப்பட்டிருந்தன.

நாம் வெஸ்டர்ன் படங்களில் பார்க்கிற கோல்ட் இருக்கே, பீஸ்மேக்கர் என்று செல்லப் பெயர் வாங்கியது, அது 1873இல்தான் வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஹேமரை இழுத்தால் நாலு கிளிக் சத்தம் கேட்கும். ஆறு அறை இருந்தும் விவரமானவர்கள் ஐந்துதான் நிரப்புவார்கள். ஹேமர் காலி அறையின் மேல் நிற்கும், தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காது. சமாதானம் செய்விக்கிறவன் என்று துப்பாக்கிக்குப் பெயர் வைத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கொடைக்கானலில் விட்ட நூலை இங்கே எடுக்கிறேன். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். போய்க்கொண்டிருந்த இடம் கொடைக்கானல். நான்கு பிள்ளைகள் அங்கே ஒரு வாடகை பங்களாவில் இருந்தார்கள். வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இந்தச் சம்பவத்தை எழுதுகிற பலர் ரிவால்வர் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். சுழல் உருளை கிடையாது, கட்டை விரல் வேலை கிடையாது; ஒரு குண்டு வெடிக்கிற விசையிலேயே அடுத்த குண்டு தானாக ஏறும். அந்த ஜான் பிரௌனிங்கின் பிஸ்டல்களை அமெரிக்காவில் செய்து விற்ற கம்பெனி எது தெரியுமா? கோல்ட்.

சேகரிக்கிற ஆசை வந்திருந்தால் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி, சுடக்கூடிய எந்த ரிவால்வருக்கும் லைசென்ஸ் வேண்டும், தாத்தா காலத்துச் சாமான் என்றாலும் சரி. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டும்தான் அந்தச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விலக்கு. அதையும் நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். பரண்மேல் ஏதாவது கிடைத்தால் முதலில் போக வேண்டிய இடம் இன்ஸ்டாகிராம் இல்லை, காவல் நிலையம். நூறு வருடம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972இன் தொல்பொருள் சட்டம் விடாது.

எலிசபெத் கணவர் இறந்த பிறகு நாற்பத்து மூன்று வருடம் வாழ்ந்தார். அவர் சேர்த்து வைத்த துப்பாக்கிகள், ஓவியங்கள் எல்லாம் 1905இல் அந்த ஹார்ட்ஃபோர்ட் அருங்காட்சியகத்துக்குப் போயின. தங்கம் பதித்தவை, யானைத் தந்தப் பிடி போட்டவை, எல்லாம் வரிசையாக. அவற்றுக்கு நடுவில் கல்கத்தா பயணத்தில் ஒரு பையன் சீவிய அந்த மரத்துண்டு. நெம்பு இல்லை, பூட்டு இல்லை, ஒரு ரிங் கேப்பைக்கூட அதனால் வெடிக்க முடியாது.